வீடு சுடுகிறதா, பில் சுடுகிறதா?

பல்லடம் பக்கத்தில் ஒயரிங், மோட்டார் வேலை பார்க்கிறவன் நான். இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. "பில்லு எகிறிப் போச்சுங்க, மீட்டர்ல ஏதோ கோளாறு, வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் மீட்டர் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். கோளாறு வேறு இடத்தில் இருக்கும். ஜன்னலை மறைத்து ஒரு பீரோ. தொட்டால் சுடுகிற சீலிங். பஞ்சு அடைத்துக் காற்றே நுழையாத கொசுவலை. தூக்கம் கெட்டுப்போன வீட்டில்தான் பில்லும் கெட்டிருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

அதனால் மெஷின்வாரியாக எழுதாமல், வீட்டில் இருப்பவர் என்ன சொல்லிப் புலம்புகிறாரோ அதை வைத்தே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் புலம்பல் எதுவோ, நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஸ்டூல், ஊதுபத்தி, பென்சில், ஒரு துண்டுத் தாள், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போதும். எதையும் கடையில் வாங்குவதற்கு முன்னால் சோதனையை முடித்துவிடுங்கள்.

"ராத்திரி பத்து மணிக்கும் ரூம் அடுப்பாட்டம் இருக்கு"

இது பங்குனியில் ஆரம்பித்து அக்கினி நட்சத்திரம் முடியும்வரை கேட்கிற புலம்பல். கரூர், ஈரோடு பக்கம் 40 டிகிரியைத் தொடுகிற நாட்களில் அழுகையாகவே மாறிவிடும்.

சோதனை: பொழுது சாய்ந்து மூன்று மணி நேரம் கழித்து ஸ்டூலில் ஏறி, ஃபேனை நிறுத்திவிட்டு, சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். அப்புறம் இறங்கி மேற்குச் சுவரில் வையுங்கள். எது அதிகம் சுடுகிறதோ அதுதான் குற்றவாளி.

சீலிங் என்றால் காரணம் இதுதான். கோடை நண்பகலில் வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைக்கூடத் தொட்டுவிடும். நாலரை, ஐந்து அங்குலத் தளம் அந்தச் சூட்டை உடனே உள்ளே விடாது. மணிக்கணக்கில் பிடித்து வைத்திருந்து, நீங்கள் படுக்கப் போகிற நேரத்தில் இறக்கிவிடும். ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் கலக்கி நம் மேல் அடிக்கிறது. ஏசி போட்டால், அது உங்களைக் குளிர வைப்பதற்கு முன் தளத்தைக் குளிர வைக்கப் போராடுகிறது. அந்தப் போராட்டத்துக்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

சரிசெய்வது மேலிருந்து தொடங்க வேண்டும். முதலில் வெள்ளை. மொட்டை மாடியைக் கழுவிப் பாசி சுரண்டிவிட்டு, நீற்றிய சுண்ணாம்பில் பிசின் கலந்து இரண்டு மூன்று கை பூசுங்கள். மாசி கடைசியில் பூசினால் கோடை முழுக்க நிற்கும். ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும். அடுத்த மாசியில் மறுபடி பூச வேண்டியதுதான். செலவு செய்ய முடிந்தவர்கள் வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பெயிண்டோ வெள்ளை ஓடோ பதிக்கலாம். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது பழைய முறையைத்தான்: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிப்பது. "அதெல்லாம் யாருங்க இப்பப் போடறாங்க, வெயிட்டு" என்று மேஸ்திரி சொல்வார். எடையைத் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள், மேஸ்திரியிடம் அல்ல.

இரண்டாவது நிழல். மாடியில் பைப் நிறுத்தித் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் அருமையாக வேலை செய்யும். ஆனால் காய்ந்த கீற்றுக்கு ஒரு தீப்பொறி போதும். தீபாவளிக்கு முன்னால் பிரித்துவிடுங்கள். சோலார் தகடு போடுகிற எண்ணம் இருந்தால், ஆள் நடக்கிற உயரத்துக்குச் சட்டம் அடித்துப் போடச் சொல்லுங்கள். கரண்டும் கிடைக்கும், தளத்துக்கு நிழலும் கிடைக்கும். 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் தளத்தைச் சரிசெய்யாமல் சோலாருக்கு ஓடாதீர்கள். சூட்டைக் குறைத்துவிட்டுக் கணக்குப் போட்டால் சின்ன சோலாரே போதும் என்று வரலாம்.

மாலையில் மாடிக்குத் தண்ணீர் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் குளிரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆயிரம் அடி போர்வெல்லிலிருந்து கரண்ட் செலவழித்துத் தண்ணீர் எடுத்து, கரண்ட் பில்லைக் குறைக்கத் தளத்தில் ஊற்றுகிற கணக்குதான் எனக்குப் புரியவில்லை.

மேற்குச் சுவர் சுட்டால் விஷயம் வேறு. நம் ஊரில் வீட்டுக்காரரின் படுக்கையறையைக் கன்னி மூலையில்தான் வைப்போம். தென்மேற்கு மூலை. வாஸ்துவோடு சண்டை போட நான் வரவில்லை. ஆனால் மத்தியானம் ஒரு மணியிலிருந்து பொழுது சாயும்வரை வெயில் விழுகிற மூலை அது. வீட்டிலேயே அதிகம் வேகிற அறையில் படுத்துக்கொண்டு, அதற்கே ஏசி மாட்டுகிறோம். அறையை மாற்ற வேண்டாம், சுவருக்கு நிழல் கொடுங்கள். வெளியே மூங்கில் தட்டி, பச்சை வலை, ஒரு கொடிப் பந்தல், இடம் இருந்தால் ஒரு முருங்கையோ வேம்போ. உள்பக்கம் தடித்த திரை போடுவது பாதி வேலைதான். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டைத் திரை என்ன செய்யும்? வெயிலை வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் மாடியில் கன்னி மூலை அறை எடுத்தேன், ஒன்றரை டன் ஏசி மாட்டினேன், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற எனக்கே இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டியது. அடுத்த மாசியில் சுண்ணாம்பு பூசி, மேற்கே தட்டி கட்டினேன். ஏசியைக் கழற்றவில்லை. ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, இப்போது படுக்கும்போது ஒரு மணி நேரம் ஓடினால் போதும் என்று ஆகியிருக்கிறது.

"வெளியே ஆடிக்காத்து ஆளைத் தூக்குது, உள்ளே இலை அசைய மாட்டேங்குது"

பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று நமக்குக் கிடைத்த வரம். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். ஆனியிலிருந்து ஆவணிவரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். அந்தக் காற்றில் ஓடுகிற காற்றாலை கொடுத்த கரண்டில், அதே காற்றை உள்ளே விடாத வீட்டில் ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

சோதனை: எல்லா ஜன்னலையும் உள்கதவுகளையும் திறந்துவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஊதுபத்தியை ஒவ்வொரு ஜன்னலுக்கும் பக்கத்தில் பிடியுங்கள். புகை உள்ளே சாய்கிறதா, வெளியே போகிறதா, நேராக மேலே ஏறுகிறதா?

எல்லா இடத்திலும் நேராக ஏறினால் முதலில் கொசுவலையைப் பாருங்கள். பல்லடம், சோமனூர், திருப்பூர் பக்கம் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் பக்கத்தில் குடியிருந்தால் வலைக்கண்ணில் பஞ்சு படிந்து துணி மாதிரி ஆகிவிடும். புது வலையே காற்றில் ஒரு பங்கைத் தடுக்கும். பஞ்சு அடைத்த வலை சுவர்தான். கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரஷ் போட்டுத் தேயுங்கள். காசு செலவே இல்லாத வைத்தியம் இது. ஆனால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். புது ஃபேன் எழுதிக் கொடுத்தால்தான் எலக்ட்ரீஷியன் என்று நினைப்பு.

ஒரு ஜன்னலில் புகை உள்ளே சாய்ந்து, வேறு எங்கும் வெளியே போகவில்லை என்றால் காற்றுக்குப் போக வழி இல்லை என்று அர்த்தம். காற்று ஒரு பக்கம் நுழைய வேண்டுமானால் மறுபக்கம் வெளியேற வேண்டும். பீரோ, அடுக்கி வைத்த மூட்டை, எப்போதும் சாத்தியே கிடக்கிற நடுக்கதவு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். கதவைச் சாத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மேலே வென்டிலேட்டர் வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துக் கதவுகளுக்கு மேலே கம்பி வைத்த திறப்பு இருந்ததே, அதேதான்.

நடுவில் திறந்த முற்றம் வைத்துக் கட்டிய தொட்டிக்கட்டு வீட்டில் அந்த நடுவாசல் இந்த வேலையைச் செய்தது. ராத்திரி குளிர்ந்த காற்று தொட்டிக்குள் இறங்கும், பகலில் சூடான காற்று ஓட்டுச் சந்துகள் வழியாக மேலே போகும். தடித்த மண்சுவர், உயர்ந்த கூரை. காங்கேயம் பக்கம் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) சித்திரை மத்தியானத்திலும் வெறுந்தரையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அதற்காக எல்லோரும் பழைய வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்லப் போவதில்லை. அதே வீட்டுச் சமையலறையில் பகலிலும் இருட்டு, கண்ணைத் திறக்க முடியாத புகை. வருஷா வருஷம் ஓடு மாற்ற ஆள் தேட வேண்டும். அம்மாயிக்கு வந்த இருமலை யாரும் அந்தச் சமையலறையோடு சேர்த்து நினைத்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. கோடையில் பகல் பதினொரு மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்து வைத்தால் அனல்தான் உள்ளே வரும். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருக்கிற நேரத்தில் சாத்துங்கள், பொழுது சாய்ந்தபின் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். கடற்கரை ஊர்களைப் போல் இல்லாமல் நம் பக்கம் ராத்திரி நன்றாகவே குளிர்கிறது. விடிகாலைக் குளிரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டால் மத்தியானம்வரை தாங்கும். தண்ணீர் ஊற்றி ஓடுகிற ஏர் கூலரும் பங்குனி, சித்திரை வறட்சியில்தான் பயன்படும். அதுவும் ஜன்னல் திறந்திருந்தால்தான். மழைக்காலத்தில் போட்டால் அறை புழுங்கும்.

"ஃபேன் சுத்துது, காத்து வரலை"

இது சின்ன விஷயம். வேகமே எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும். அது ஃபேன் விலையில் ஒரு துளிதான். இறக்கையின் ஓரத்தில் ஒட்டிய அழுக்கைத் துடையுங்கள். சீலிங்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஃபேனுக்கு மேலேயிருந்து இழுக்கக் காற்று இருக்காது. ராடு நீளமாக்கி, இறக்கை தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடி உயரத்தில் இருக்கும்படி இறக்குங்கள்.

பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் 60 நாளில் 72 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கிற புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் ஓடினால் 29 யூனிட் சுமார். நாள் முழுக்க ஓடுகிற ஃபேனை மட்டும் மாற்றுங்கள். விருந்தாளி அறையில் வருஷத்துக்குப் பத்து நாள் ஓடுவதை மாற்றுவது வீண். அப்புறம், ஃபேன் ஆளைத்தான் குளிர வைக்கும், அறையை அல்ல. யாரும் இல்லாத அறையில் "ரூம் குளிரட்டும்" என்று ஓடவிடுவதில் பலன் இல்லை.

"திடீர்னு பில் எகிறிப் போச்சு"

முதலில் மின்வாரிய அட்டையில் ரீடிங் எடுத்த தேதியைப் பாருங்கள். போன கணக்கெடுப்புக்கும் இதற்கும் இடையே 60 நாளா, 68 நாளா? எட்டு நாள் கூடினால் யூனிட்டும் கூடும், அடுத்த படிக்கும் தள்ளிவிடும்.

படி என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் இருக்கிறவர்களுக்கு அடுத்த 100 யூனிட் பாதி விலையில். 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும், தாண்டிய யூனிட்டுக்கும் விலை அதிகம். அந்த விகிதப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதற்குப் பிறகு விகிதம் மாறியிருக்கிறது, ஆனால் கணக்கின் போக்கு இதுதான். 490-லும் 520-லும் ஊசலாடுகிற வீட்டில் ஒரு ஃபேனை மாற்றுவதோ, மோட்டாரைக் கவனிப்பதோ அதனால்தான் பெரிதாகத் தெரியும்.

தேதி சரியாக இருந்தால் அடுத்த சோதனை. வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், டிவி பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மெயினை அணைக்க வேண்டாம். இப்போது மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா பாருங்கள். சிமிட்டவில்லை என்றால் ஒயரிங் சரி. சிமிட்டினால் எங்கோ கசிகிறது. மெயின் பெட்டியில் ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியாக இருக்கிற ஸ்விட்சுகளை (எம்சிபி) ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள், எதை இறக்கினால் நிற்கிறதோ அந்தப் பாதையில் கோளாறு. அதற்குமேல் நீங்கள் கை வைக்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். ஈரச்சுவரில் கசிகிற கரண்ட் பில்லோடு நிற்காது, உயிரையே எடுக்கும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடு என்றால் பில்லை மறந்துவிட்டு முதலில் அதை மாட்டுங்கள்.

ஒயரிங் சரி என்றால் என் சந்தேகம் முதலில் போவது மோட்டார்மேல். போர்வெல்லுக்குள் இறக்குகிற ஒன்றரை குதிரைத்திறன் சப்மெர்சிபிள் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றேகால், ஒன்றரை யூனிட். தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டார் போட்டு, நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அதே தொட்டிக்கு நாற்பது நிமிடம் ஆனது அறுபத்தைந்து ஆனால், நீர்மட்டம் இறங்கியிருக்க வேண்டும், இல்லை பைப் கசிய வேண்டும், இல்லை பம்ப் தேய்ந்திருக்க வேண்டும்.

நிமிடம் மாறவில்லை, ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவை போட்ட மோட்டாரை இரண்டு தடவை போடுகிறீர்களா? கழிவறை ஃபிளஷ் தொட்டியில் மஞ்சள்தூளைக் கலந்துவிட்டுக் கால் மணி நேரம் யாரும் போகாமல் பாருங்கள். கோப்பையில் மஞ்சள் இறங்கினால் உள் வாஷர் போய்விட்டது. சத்தமே இல்லாமல் ராத்திரி முழுக்கத் தண்ணீர் போகும். ஐம்பது ரூபாய் வாஷருக்காக மோட்டார் ஓடி ஓடித் தேய்ந்த வீடுகள் உண்டு.

தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) இருப்பவர்கள் சிலர் பம்ப்செட் இலவச இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு ஒயர் இழுத்துக்கொள்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். தவிர, அந்த ஒயருக்குப் பாதுகாப்பு எதுவும் இருக்காது. என்னிடம் கேட்டால் செய்து தர மாட்டேன்.

கிரைண்டரைத் திட்டாதீர்கள். "மாவாட்டினா பில் ஏறுது" என்று மாமியார் மருமகளைச் சொல்கிற வீடு பார்த்திருக்கிறேன். டேபிள் கிரைண்டர் 150 வாட். முக்கால் மணி நேரம் ஓடினால் பத்தில் ஒரு பங்கு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டருக்கு இந்தப் பழி தேவையில்லை.

"ஏசி போட்டுத் தூங்கி எந்திரிச்சா தலை கனமா இருக்கு"

வெப்பநிலை எத்தனையில் இருக்கிறது? 18-ல் வைத்துவிட்டுச் சென்னிமலைப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. போர்வைக்குக் காசு கொடுத்து, போர்வை தேவைப்படுவதற்கும் காசு கொடுக்கிறோம். 2020 ஜனவரியிலிருந்து விற்கிற ஏசிகள் போட்டதும் 24-ல் நிற்கும்படிதான் வருகின்றன. ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் வாரியத்தின் கணக்கு. 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்.

தலைக்கனத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நாலு பேர் படுத்து, இடுக்கெல்லாம் அடைத்துவிட்டால், வீட்டு ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடும். நாம் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறோம். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு சுமார். அடைத்த படுக்கையறையில் விடியும்போது அதைப்போல் பல மடங்கு ஏறியிருக்கும். படுப்பதற்கு முன் கால் மணி நேரம் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். அறை குளிர்ந்ததும் ஏசிக்கு டைமர் வைத்து, அணைந்த பிறகு ஒரு ஜன்னலைத் திறந்து ஃபேனில் படுக்கலாம். வலையைக் கழுவும்போது ஏசியின் ஃபில்டரையும் கழுவுங்கள். அங்கேயும் அதே பஞ்சுதான்.

தலைக்கனம் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். நான் ஒயர்மேன்தான்.

"சமையக்கட்டுல நிக்க முடியல"

இந்தப் புலம்பல் சத்தமாக வராது. வீட்டு ஆண்கள் கூப்பிடும்போது இதைச் சொல்லவே மாட்டார்கள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் ஃபேன் எங்கே, ஏசி எங்கே என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், தினம் மூன்று நாலு மணி நேரம் ஒருவர் அடுப்புமுன் நிற்கிற அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பாயிண்ட்டோடு முடித்துக்கொள்வார்கள்.

சோதனை: அடுப்பைப் பற்றவைத்து எக்ஸாஸ்ட்டைப் போட்டு, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ஊதுபத்திப் புகையைப் பாருங்கள். பிறகு ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். திறந்ததும் புகை வேகமாக வெளியே போனால், இத்தனை நாள் எக்ஸாஸ்ட்டுக்கு இழுக்கக் காற்றே இல்லாமல் இருந்தது என்று தெரிந்துவிடும். திறக்கிற ஜன்னல் அடுப்புக்கு நேராக இருக்கக் கூடாது. சுவாலை சாய்ந்தால் கேஸ் வீண், சமையல் நேரமும் நீளும்.

ஃப்ரிட்ஜ் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் நகர்த்துங்கள். பின்பக்கம் நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். அதன் கதவில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது, குளிர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

தென்னை மட்டையும் தேங்காய்த் தொட்டியும் கிடைக்கிற வீடுகளில் குளிக்கத் தண்ணீர் பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) அண்டா வைத்துக் காய்ச்சுவார்கள். கரண்ட் மிச்சம்தான். ஆனால் அந்த அடுப்பு சமையலறை ஜன்னலுக்கு மேற்கே இருந்தால் ஆடி முழுக்கப் புகை உள்ளேதான் வரும். வீட்டுக்குக் கிழக்கே தள்ளி வையுங்கள்.

கெய்சர் வைத்திருப்பவர்கள் போர்த் தண்ணீரை விட்டால் காயிலில் உப்பு படியும். முன்பு பத்து நிமிடத்தில் சூடானது இருபது நிமிடம் எடுத்தால் கழற்றிச் சுரண்டும் நேரம் வந்துவிட்டது. சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவை வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

"பட்டப்பகல்லயும் லைட்டு எரியுது"

1932-ல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பக்கம் கரண்ட் பரவியது. அதற்கு முன்னால் கட்டிய வீடுகளில் கண்ணாடி ஓடும் நடுவாசலும் வெளிச்சத்துக்காகவும்தான். இப்போது ஜன்னலுக்கு மூன்றடியில் காம்பவுண்ட் சுவர், அதற்குமேல் தகரச் சீட்டு. இடிக்க முடியாது. எதிர்ச் சுவரை வெள்ளை அடியுங்கள், வெளிச்சம் திரும்பி உள்ளே வரும். எல்இடி வந்தபின் லைட்டுச் செலவு பெரிதில்லை. இருட்டுப் படியில் வயசானவர்கள் விழுவதுதான் பெரிய செலவு.

"சுவர்ல பூசணம், குழந்தைக்கு இளைப்பு"

ஐப்பசி, கார்த்திகையில் வரும். பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள், முதலில் ஈரம் எங்கிருந்து என்று கண்டுபிடியுங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் கோத்தால் சுவரில் கசிவு: பைப், மாடி, அல்லது வெளிப்பூச்சு. முன்னால் ஈரம் என்றால் அறைக்காற்றில் ஈரம்: உள்ளே உலர்த்துகிற துணி, குளியலறை நீராவி, திறக்காத ஜன்னல். வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கிற பீரோவை ஒரு கை இடைவெளி விட்டு நகர்த்துங்கள்.

"வாடகை வீடுங்க, ஆணிகூட அடிக்க விட மாட்டாங்க"

திருப்பூர் லைன் வீடுகளில் கேட்பது. சிமெண்ட் சீட்டுக் கூரை, ஒரே ஜன்னல், நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் தூங்க வேண்டிய ஆள். கூரை அதிகமாகச் சுடுகிற நேரமும் அவர் தூங்குகிற நேரமும் ஒன்று. இதற்கு ஃபேன் பதில் இல்லை, கூரைதான். வீட்டுக்காரரிடம் குடியிருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால், வரிசை முழுக்கச் சீட்டின் மேல் வெள்ளை அடிக்க ஒரு நாள் வேலைதான். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டாக இருந்தால் சுரண்டவோ துளைக்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். சீட்டின் மேல் யாரும் ஏறி நிற்கவும் கூடாது, உடைந்துவிடும்.

வீட்டுக்காரர் தனியாக வைத்திருக்கிற சப் மீட்டர்மேல் சந்தேகமா? மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் ஹீட்டர் ராடை ஒரு குடம் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அரை யூனிட் காட்ட வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்குவதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். முக்கால் காட்டினால், எண்ணை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் பேசுங்கள். ராடு ஓடும்போது தண்ணீரைத் தொட வேண்டாம்.

"எல்லாம் செஞ்சாச்சு, அம்மா மட்டும் வாசல்லதான் படுக்குறாங்க"

இது என் வீடு. சுண்ணாம்பு பூசி, தட்டி கட்டி, ஏசியும் இருக்கிற அறையை விட்டுவிட்டு அம்மா கயிற்றுக்கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். சூடு என்று நினைத்தேன். தரையைத் தொட்டுப் பார்த்தேன், ஊதுபத்தி பிடித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"ராத்திரி மூணு தடவை எந்திரிக்கணும் கண்ணு. உங்க ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல படி இருக்கு, இருட்டு. இங்கன்னா நேரா போயிட்டு வந்துருவேன். ஏசியும் முழங்காலப் புடிக்குது."

கீழே திண்ணையை ஒட்டிய சின்ன அறையில் மூட்டை அடுக்கி வைத்திருந்தோம். மூட்டையெல்லாம் அட்டாரிக்கு (பரணுக்கு) போயிற்று. கிழக்கு ஜன்னல், எதிரே கதவு, காற்று நன்றாக ஓடியது. ஒரு பிஎல்டிசி ஃபேன், பாத்ரூம் வரைக்கும் சுவரில் தாழ்வாக இரண்டு அரை வாட் இரவு விளக்கு, படிக்குப் பதிலாகச் சின்னச் சரிவு. மேஸ்திரிக்கு அரை நாள் கூலி. கட்டில் இப்போது அங்கே இருக்கிறது. மாடி ஏசி அறையில் நாங்கள் படுப்பதும் குறைந்துவிட்டது. பேரன் அப்பத்தாவோடு படுக்கிறேன் என்று கீழே போய்விடுகிறான், அவன் பின்னாலேயே அவன் அம்மாவும்.